ஒளியும் உழைப்பும்: எர்ன்ஸ்ட் அபேயின் வாழ்வு

ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் ஐசனாக் என்றோர் ஊர் உண்டு. இசைமேதை பாக் பிறந்த ஊர் என உலகம் அதனை அறியும். அவ்வூரில் 1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள், நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக எர்ன்ஸ்ட் அபே பிறந்தார். இயற்பியல் அறிஞராகவும், கருவிகள் பல கண்டவராகவும், தொழிற்சாலைத் தலைவராகவும் அவர் பெற்ற சிறப்புகள் பல. அவற்றின் வேரைத் தேடுவோர் முதலில் அந்த நூற்பாலைக்குள்தான் நுழைய வேண்டும்.

தந்தை நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் நின்றவாறே உழைத்தார். நண்பகலிலும் ஓய்வு கிடையாது. சிறுவன் எர்ன்ஸ்ட் உணவுப் பாத்திரத்தை ஏந்திச் செல்வான். தந்தை பொறியில் சாய்ந்தோ பெட்டியொன்றின்மீது அமர்ந்தோ விரைந்து உண்டு, வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பணியைத் தொடர்வார். வலிய உடல் வாய்ந்த அம்மனிதர் 48 வயதிலேயே முதியவராய்த் தளர்ந்துபோனார். இக்காட்சி மகனின் நெஞ்சைவிட்டு என்றும் அகலவில்லை.

ஆலை முதலாளியின் உதவியால் அபேயின் பள்ளிக் கல்வி தொடர்ந்தது. பின்னர் யேனாவிலும் கோட்டிங்கனிலும் பயின்று 1861இல் முனைவர் பட்டம் பெற்றார். 1863இல் யேனா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். ஒரு காலத்தில் கவிஞர் ஷில்லர் வரலாறு கற்பித்த பல்கலைக்கழகம் அது.

அதே நகரில் கார்ல் ஜெய்ஸ் என்பவர் 1846 முதல் பட்டறை ஒன்றை நடத்தி, நுண்ணோக்கிகள் செய்துவந்தார். அக்காலத்தில் வில்லை செய்வது கைப்பழக்கத்தைச் சார்ந்த கலையாகவே இருந்தது. கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திப் பார்ப்பர். நன்றாக அமைந்தால் கொள்வர், இல்லையேல் தள்ளுவர். கணக்கின் வழியே வில்லையை அமைக்க இயலுமா என்னும் வினாவோடு 1866இல் ஜெய்ஸ் அபேயை நாடினார்.

அபே கணக்கிட்டார், ஆயினும் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. பிழைகளைக் குறைக்கும் பொருட்டு ஒளி புகும் வாயைச் சிறிதாக்கி அமைத்த வில்லைகள், பழைய வில்லைகளைவிட மங்கிய உருவத்தையே தந்தன. அத்தோல்வியை அவர் மறைக்கவுமில்லை, விட்டு விலகவுமில்லை. காரணத்தைத் தேடியபோது, பொருளின் நுண்ணிய வரிகளில் பட்டு விலகிச் சிதறும் ஒளியையும் வில்லை வாங்கிக்கொண்டாலன்றி உருவம் தெளியாது என்னும் உண்மை புலப்பட்டது. 1872ஆம் ஆண்டளவில் ஜெய்ஸ் பட்டறையின் நுண்ணோக்கி வில்லைகள் கணக்கின்படியே உருவாகலாயின. நுண்ணோக்கியின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் 1873இல் அபே உலகுக்கு அறிவித்தார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியைவிட நெருங்கி நிற்கும் இரு புள்ளிகளை எத்துணைச் சிறந்த வில்லையாலும் பிரித்துக் காண இயலாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அது ஒரு மில்லிமீட்டரின் 5000இல் ஒரு பங்கு.

அவ்வெல்லை வரையேனும் செல்ல நல்ல கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடித் தொழிற்குடும்பத்தில் பிறந்த வேதியியலார் ஓட்டோ ஷாட் 1879இல் தாம் உருக்கிய புதுவகைக் கண்ணாடியை அபேக்கு அனுப்பினார். இருவரின் நட்பால் 1884இல் யேனாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 1886இல் நிறப்பிழை பெரிதும் நீங்கிய வில்லைத் தொகுதி வெளிவந்தது. இதற்கு முன்னரே, 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக்கின் மேசைமீது அபேயின் ஒளிகுவிப்பானும் ஜெய்ஸ் வில்லையும் இருந்தன. நுண்ணோக்கித் துறையில் தாம் கண்டவை அறிவுலகுக்குப் பொதுவானவை எனக் கருதிய அபே, அவற்றுக்குக் காப்புரிமை கோரவில்லை.

1876 முதல் அவர் நிறுவனத்தின் பங்காளி. செல்வம் பெருகியது. பெருகிய செல்வம் யாருக்கு உரியது என்னும் வினாவும் அவருள் பெருகியது. பல்கலைக்கழகம் வளர்த்த அறிவும் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் கைத்திறனும் கூடி ஈட்டிய பொருளைத் தனியொருவர் தம்முடையது எனக் கொள்வது முறையாகாது என அவர் முடிவு கண்டார். ஜெய்ஸ் 1888இல் மறைந்தார். மறு ஆண்டே அபே ஓர் அறக்கட்டளையை நிறுவி, அதற்குத் தம் பெயரைச் சூட்டாமல் மறைந்த நண்பரின் பெயரைச் சூட்டினார். 1891இல் தம் பங்குகளை அதற்கே அளித்துவிட்டு, உரிமையாளராயிருந்த நிறுவனத்தில் ஊதியம் பெறும் ஆட்சியாளர்களுள் ஒருவரானார்.

1896இல் அவர் வகுத்த சட்டதிட்டம் அந்நாளில் புதுமையானது. பணியாளரின் பிறப்பு, சமயம், கட்சி எதனையும் நோக்கலாகாது. ஊதியத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், இலாபத்தில் பங்கு ஆகியவை உண்டு. தலைமை அலுவலர் பெறும் ஊதியம் தொழிலாளரின் சராசரி ஊதியத்தில் பத்து மடங்கைத் தாண்டலாகாது. 1900இல் ஒன்பது மணி நேர வேலை எட்டு மணியாகக் குறைக்கப்பட்டது. இரக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வில்லையைக் கணக்கிட்டவாறே இதனையும் கணக்கிட்டார். 233 தொழிலாளரின் உழைப்பை முந்திய ஆண்டோடு ஒப்பிட்டார். இழப்பின்றி நடக்க மணிக்கு 12.5 விழுக்காடு மிகுதியான ஆக்கம் போதும், கிடைத்ததோ 16.2 விழுக்காடு. பொறி வெறுமனே சுழன்றாலும் ஆற்றல் செலவாகும். அதுபோல் ஆலையில் வெறுமனே நிற்பதும் உடலைத் தேய்க்கும் என அவர் விளக்கினார். தம் தந்தை நின்ற கோலத்தையும் அவ்வுரையில் நினைவுகூர்ந்தார்.

பிறர் உழைப்புக்கு எல்லை வகுத்த அவர் தம் உழைப்புக்கு அதனை வகுத்துக்கொள்ளவில்லை. உறக்கமின்மையும் சோர்வும் உடலை வாட்ட, 1903இல் பணியிலிருந்து விலகினார். அவ்வாண்டிலேயே, அறக்கட்டளையின் பொருளால் எழுந்த மக்கள் மன்றம் படிப்பகத்துடன் யேனா மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1905 சனவரி 14இல் அபே மறைந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நாடு பிளவுண்டபோது நிறுவனமும் இரண்டாயிற்று. நாடு ஒன்றானபின் அதுவும் ஒன்றாயிற்று. ஒளிரும் மூலக்கூறுகளின் துணையால் அபேயின் எல்லைக்கு அப்பாலும் காண வழிகண்ட மூவர் 2014இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அவருடைய சூத்திரமோ யேனாவின் நினைவுக்கல்லில் செதுக்கப்பட்டு நிற்கிறது. பாத்திரம் ஏந்தி ஆலைக்குச் சென்ற சிறுவன் அன்று கண்ட துயருக்கு, வளர்ந்து ஆளானபின் தன் உடைமை அனைத்தையும் ஈடாகத் தந்தான் என்பதே அவ்வாழ்வின் பொருள் எனலாம்.