புரிக்கு முறை வகுத்த பெரியோன்
சேர் ஜோசப் விற்வேர்த் வாழ்வும் பணியும்

சிலருடைய பெயர் உலகில் நிலைபெறும். வேறு சிலருடைய பெயர் தேய்ந்துபோக, அவர் செய்த செயல் மாத்திரம் நிலைபெறும். சேர் ஜோசப் விற்வேர்த் இவ்விரண்டாம் வகையினர். தம் காலத்தில் அரசரும் அறிஞரும் போற்ற வாழ்ந்த அவரை இன்று பொறியியல் பயில்வோரே பெரும்பாலும் அறிவர். ஆயினும், இத்தாலி நாட்டிற் செய்யப்பெறும் எஸ்பிரெசோ கோப்பி இயந்திரம் ஒன்றைப் பிரித்து நோக்குவோமாயின், குழாயும் குழாயும் பொருந்தும் இடந்தோறும் அவர் கைவண்ணத்தைக் காணலாம். ஓர் ஆங்கிலேயர் வகுத்த அளவு இத்தாலியரின் கோப்பி இயந்திரத்திற் புகுந்த வரலாறு அறியத்தக்கது.

இங்கிலாந்திலே, மன்செஸ்ரர் நகரை அடுத்த ஸ்ரொக்போட் என்னும் ஊரில் 1803ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் விற்வேர்த் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். தாயாரை இளமையிலேயே இழந்த சிறுவர், பதினான்காம் வயதில் உறவினர் ஒருவரின் பஞ்சாலையில் வேலை பழக விடப்பட்டார். வணிகத்தை அவர் உள்ளம் நாடவில்லை. ஆலையின் இயந்திரங்களையே நாடியது. சில ஆண்டுகளின் பின் அவ்விடத்தை விட்டு நீங்கி, மன்செஸ்ரர் தொழிற்சாலைகளிற் கைவினைஞராய் உழைத்தார். 1825இல் இலண்டன் சென்று, அக்காலப் பொறியியலாளருள் தலைசிறந்த ஹென்றி மோட்ஸ்லி என்பாரிடம் தொழில் பயின்றார். பின்னர், கணக்கிடும் இயந்திரம் சமைக்க முயன்ற பபேஜ் என்னும் அறிஞருக்கு உறுப்புகள் செய்து கொடுத்த ஜோசப் கிளெமென்ற் என்பவரிடமும் பணியாற்றினார். 1833இல் மன்செஸ்ரருக்கு மீண்டு சொந்தத் தொழிற்சாலை நிறுவினார்.

அக்காலத்தில் இருந்த பெருங்குறை ஒன்று அவர் கருத்தை ஈர்த்தது. திருகாணியின் உடலைச் சுற்றி ஏறிச்செல்லும் வரம்பே புரி எனப்படும். ஆணியும் சுரையும் பொருந்தவேண்டுமாயின் பருமன் ஒத்திருந்தால் மட்டும் போதாது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரிகள் உள்ளன என்பதும், புரியின் பக்கங்கள் எத்தனை பாகையிற் சாய்ந்துள்ளன என்பதும், அதன் முடியும் அடியும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதும் ஒத்தல் வேண்டும். அந்நாளிலோ தொழிற்சாலைதோறும் வெவ்வேறு புரி வழங்கியது. ஓர் இயந்திரத்தின் ஆணி ஒன்று முறிந்தால், அதைச் செய்தவரையே தேடிச் செல்லவேண்டும். அவர் இறந்துவிட்டாலோ, துளையையே புதிதாகக் கடையவேண்டும்.

விற்வேர்த் இக்குறையைத் தீர்த்த வழியே அவர் பெருமைக்குச் சான்று. தம் தொழிற்சாலையின் அளவே சிறந்ததென்று அவர் வாதிடவில்லை. நாட்டின் பல தொழிற்சாலைகளினின்றும் திருகாணிகளைத் திரட்டினார், ஒவ்வொன்றையும் அளந்தார், அவற்றின் சராசரியை எடுத்தார். புரியின் கோணம் 55 பாகை என்றும், முடியும் அடியும் வளைந்திருத்தல் வேண்டும் என்றும், கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 புரி, அரை அங்குல ஆணிக்கு 12, ஓர் அங்குல ஆணிக்கு 8 என்றும் வகுத்து, 1841இல் குடிசார் பொறியியலாளர் கழகத்தின் முன் வைத்தார். எவருடைய அளவும் முழுதாய் வெல்லவில்லை; எவருடையதும் முழுதாய்த் தோற்கவுமில்லை. ஆதலின், சட்டத்தின் வற்புறுத்தல் இன்றியே புகையிரதத் தொழிற்சாலைகளும் பிறவும் அம்முறையைத் தழுவின. உலகின் முதலாவது தேசியத் திருகுபுரித் தரம் இதுவே.

1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியிலே, அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் உணர்த்தும் அளவைக் கருவியை அவர் காட்டினார். அளவின் நுண்மையே அவருக்கு அறமாயிருந்தது எனலாம். எனினும் அந்நுண்மை கொலைத்தொழிலுக்கும் பயன்பட்டது. அவர் ஆக்கிய அறுகோணக் குழல் துப்பாக்கி, 1857இல் நடந்த சோதனையில் இராணுவத்தின் என்பீல்ட் துப்பாக்கியை வென்றது. செலவு மிகுதி முதலிய காரணங்களால் பிரித்தானிய அரசு அதனை ஏற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் குறிகாரர் அதனைக் கையாண்டனர். பொருத்துதற்குக் கருவி தந்த கையே பிரித்தற்கும் கருவி தந்தது. இதனை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் முறையன்று.

1868இல் கைத்தொழிலையும் நூலறிவையும் ஒருங்கே பெறும் இளைஞருக்காக ஆண்டுக்கு 3,000 பவுண் ஒதுக்கிப் புலமைப்பரிசில் நிறுவினார். அப்பரிசில் அவர் பெயரால் இன்றும் வழங்கப்படுகிறது. 1869இல் பாரனெற் பட்டம் பெற்றார். 1887ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் மொன்ரே கார்லோவில் மறைந்தார். மக்கட்பேறற்ற அவரது பெருஞ்செல்வம், மன்செஸ்ரரின் கலைக்கூடம் முதலிய பொதுப்பணிகளுக்காயிற்று.

அவர் மறைவதற்கு மூன்றாண்டு முன்னர், 1884இல், தூரின் நகரத்து அஞ்சலோ மொரியொண்டோ நீராவியாற் கோப்பி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா அவ்வகை இயந்திரத்தைத் திருத்தி அமைத்தார். இத்தாலி மீற்றர் அளவை வழங்கும் நாடு. எனினும் அங்கே குழாய்களுக்கு விற்வேர்த்தின் 55 பாகைப் புரியே நிலைத்தது; இத்தாலியர் அதனை வாயுக்குழாய்ப் புரி என்னும் பொருளில் 'காஸ்' என்பர்.

இவ்வளவுகளின் பெயர் புதியோரை மயக்கும். அரை அங்குலப் புரியை அளந்தால் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் இருக்கும். 3/8 அங்குலம் எனப்படுவது 16.7, கால் அங்குலம் எனப்படுவது 13.2. பண்டைய இரும்புக் குழாயின் உள்வாயைக் குறித்த பெயர், வெளிப்புறத்துப் புரிக்கும் ஆகிவந்ததே இதற்குக் காரணம்.

அமெரிக்கக் குழாய்ப்புரியோ 60 பாகை. கால் அங்குல அளவில் நம் புரி அங்குலத்துக்கு 19. அமெரிக்கப் புரி 18. ஆதலின் ஓரிரு சுற்றுக்குள் இறுகி நின்று தவற்றை உணர்த்திவிடும். அரை அங்குல அளவிலோ இரண்டும் 14. ஆகவே அது பொருந்தியதுபோல் ஏறி, பின்னர் கசியும். வளிமண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ 9 மடங்கில் வெந்நீர் ஓடும் இயந்திரத்தில் இக்கசிவு கையைச் சுடும்.

நீரைத் தடுப்பதிலும் வேற்றுமை உண்டு. ஒரே பருமனாய்ச் செல்லும் நேர்ப்புரி தானே நீரைத் தடுக்காது. முகப்பில் இடும் செப்பு வாசரோ நார் வாசரோ தடுக்கும். நுனி நோக்கி ஒடுங்கும் கூம்புப்புரி, புரிமேற் சுற்றும் நாடாவுடன் இறுகித் தடுக்கும். நேர்ப்புரிக்கு நாடா சுற்றி வாசரை விடுவோரும், கூம்புப்புரியை அளவு கடந்து முறுக்கிப் பித்தளையைப் பிளப்போரும் இவ்வேற்றுமையை அறியாதவரே.

ஒருவரை ஒருவர் காணாத இருவர், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆண்டிற் செய்த இரு பொருள்கள் துளிநீரும் கசியாமற் பொருந்துகின்றன. இந்நம்பிக்கையை உலகுக்கு ஈந்தவர், தம் அளவைப் பிறர்மேற் சுமத்தாது, எல்லோருடைய அளவையும் அளந்து நடுநிலை கண்டவர். மாணவர் அவரிடம் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.