கம்ப்யூட்டருக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தவர்!

அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று பார்க்க, அதைக் கழற்றியிருக்கிறீர்களா? அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 1906 டிசம்பர் 9ல் பிறந்த கிரேஸ் ஹாப்பர் ஏழு வயதில் அதைத்தான் செய்தார். கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. எப்படி என்று பார்க்க இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரங்கள் துண்டு துண்டாகிவிட்டன! விஷயம் தெரிந்ததும், இனிமேல் ஒரே ஒரு கடிகாரம்தான் என்று சொல்லிவிட்டார் அம்மா.

கணிதம் படித்து, 1934ல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கடற்படையில் சேரப் போனார். எடை குறைவு என்றார்கள். விடுவாரா? சிறப்பு அனுமதி வாங்கி 1943ல் சேர்ந்தே விட்டார்.

மறு வருடம் அவரை அனுப்பிய இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே மார்க் 1 என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் இருந்தது. நீளம் மட்டும் 51 அடி! மானிட்டர், மவுஸ் எதுவும் கிடையாது. காகித நாடாவில் துளை போட்டுத்தான் அதற்குக் கட்டளை தர வேண்டும்.

கம்ப்யூட்டர் தவறுக்கு 'பக்' (பூச்சி) என்று பெயர் வைத்தவர் இவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1947ல் மார்க் 2 இயந்திரத்துக்குள் ஒரு நிஜ அந்துப்பூச்சி சிக்கியது. அதை நோட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் கதையை ஹாப்பர் ஊரெல்லாம் சொன்னார், அவ்வளவுதான். எடிசன் காலத்திலேயே அந்தச் சொல் இருந்தது.

அவர் செய்த பெரிய வேலை வேறு. 1949ல் யூனிவாக் கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு கணக்கைச் செய்யும் கட்டளைகளை ஒருவர் எழுதி வைத்திருந்தால், மற்றவர்கள் அவருடைய நோட்டைப் பார்த்துக் கையால் காப்பி அடிப்பார்கள். அவசரத்தில் 'பி' என்ற எழுத்து 13 ஆகிவிடும்! ஒரு எழுத்து மாறினாலும் எல்லாம் பாழ்.

காப்பி அடிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்தால் என்ன என்று யோசித்தார் ஹாப்பர். கட்டளைத் தொகுப்புகளைக் காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் போதும். இயந்திரமே தேடி எடுத்துக் கோத்துவிடும். 1952ல் இது வேலை செய்தது. இதற்குக் கம்பைலர் என்று பெயர். ஆனால், யாரும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தல்தான் செய்யும், புரோகிராம் எழுதாது என்று சாதித்தார்கள்.

அடுத்து, ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை தரலாம் என்றார். பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் அதே புரோகிராமைச் செய்து காட்டினார். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று மேலதிகாரிகள் மிரண்டுபோனார்கள்! இயந்திரத்துக்கு எல்லாமே வெறும் குறிகள்தான் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்படியும் விடாமல் உருவாக்கிய மொழிதான் ஃப்ளோமேட்டிக்.

இன்னொரு தலைவலி இருந்தது. ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம் வேறு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓடாது. புது இயந்திரம் வாங்கினால், பல மாத உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான ஒரு மொழிக்காக 1959ல் நிபுணர்கள் கூடினார்கள். ஹாப்பர் ஆலோசகர். ஃப்ளோமேட்டிக்கைப் பெரிதும் பின்பற்றி அவர்கள் உருவாக்கிய மொழி கோபால். (உங்கள் வகுப்புப் பையன் இல்லை!) 1960 டிசம்பரில், இரண்டு வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஒரே கோபால் புரோகிராம் ஓடியது. பல வங்கிகளில் இன்றும் கோபால் ஓடிக்கொண்டிருக்கிறது.

1966ல் ஓய்வு கொடுத்த கடற்படை, அடுத்த வருடமே ஆறு மாத வேலைக்கு அவரைத் திரும்ப அழைத்தது. அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கோபால் ஒவ்வொரு விதமாக இருந்தது; அதைச் சரிப்படுத்த வேண்டும். ஆறு மாதம் வருடக்கணக்காக நீண்டது. பழைய முறையே போதும் என்பவர்களுக்காக, தன் அறையில் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். அதிலும் மணி சரியாகவே தெரியும்!

1986ல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992, ஜனவரி 1ல் காலமானார். 1997ல் அமெரிக்கக் கடற்படையில் ஒரு போர்க்கப்பல் சேர்ந்தது. அதன் பெயர் ஹாப்பர்.