மாக்ஸ் டெல்புரூக்

மாக்ஸ் டெல்புரூக் (செப்டம்பர் 4, 1906 – மார்ச் 9, 1981) செருமனியில் பிறந்த அமெரிக்க உயிர் இயற்பியலாளர் ஆவார். மூலக்கூற்று உயிரியலைத் தோற்றுவித்தோருள் ஒருவராகக் கருதப்படுகிறார். தீநுண்மங்களின் (வைரசுகளின்) பெருக்கமும் மரபியல் அமைப்பும் குறித்த கண்டுபிடிப்புகளுக்காக 1969 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆல்பிரட் ஹெர்சி, சால்வடோர் லூரியா ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

இளமையும் கல்வியும்

பெர்லினில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் டெல்புரூக் வரலாற்றுப் பேராசிரியர். முதலில் வானியலில் ஈடுபாடு கொண்டிருந்த மாக்ஸ், பின்னர் கோட்பாட்டு இயற்பியலுக்கு மாறி 1930 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1932 இல் கோபன்கேகனில் நீல்சு போர் ஒளியையும் உயிரையும் பற்றி ஆற்றிய உரை இவரை உயிரியலின் பக்கம் திருப்பியது. ஒளியை அலையாகவும் துகளாகவும் விளக்க வேண்டியிருப்பது போன்றதொரு முரண் உயிரியலிலும் வெளிப்படலாம் என்பது அவ்வுரையின் கருத்து.

பெர்லின் குழு

அதே ஆண்டு பெர்லினில் லீசு மைட்னரின் உதவியாளராகச் சேர்ந்தார். நாட்சி ஆட்சியில் அறிவியலாளர் பலர் வெளியேற்றப்பட்ட அக்காலத்தில், இயற்பியலாளரும் உயிரியலாளரும் கொண்ட சிறு குழு ஒன்று இவருடைய தாயாரின் வீட்டில் கூடி விவாதித்தது. இதன் பயனாக, திமோபியேவ்-ரெசோவ்சுகி, சிம்மர் ஆகியோருடன் இவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1935 இல் வெளிவந்தது. மரபணு என்பது நிலையான ஓர் அணுத்தொகுப்பு என அது வாதிட்டது. எர்வின் சுரோடிங்கர் 1944 இல் தம் நூலில் இதனை விளக்கிய பின்னரே இது பரவலாக அறியப்பட்டது.

அரசியல் காரணங்களால் விரிவுரையாளராகும் வாய்ப்பு மறுக்கப்படவே, 1937 இல் ராக்பெல்லர் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்றார். செருமனியிலேயே இருந்த இவருடைய அண்ணன் யூசுடசு, இட்லர் எதிர்ப்பில் ஈடுபட்டுச் சிறைப்பட்டார். 1945 இல் சோவியத் தடுப்பு முகாமில் இறந்தார்.

லூரியா-டெல்புரூக் சோதனை

பாக்டீரியங்களைத் தாக்கும் தீநுண்மங்களை எதிர்க்கும் திறன் பாக்டீரியங்களில் எவ்வாறு தோன்றுகிறது என்பதை இச்சோதனை (1943) ஆராய்ந்தது. தாக்குதலின் விளைவாக அத்திறன் தோன்றுமாயின், தனித்தனியே வளர்த்த வளர்ப்புகளில் எதிர்ப்புடைய பாக்டீரியங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். ஆனால் சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் மிகப் பல இருந்தன. எனவே, தாக்குதலுக்கு முன்னரே தற்செயலான சடுதிமாற்றத்தால் அத்திறன் தோன்றியிருந்தது என்பது உறுதியாயிற்று. சோதனையை லூரியா செய்தார். கணிதக் கோட்பாட்டை டெல்புரூக் வகுத்தார்.

ஆசிரியப் பணி

ஆய்வு முடிவுகளை ஒப்பிட இயலும்படி, டி1 முதல் டி7 வரையான ஏழு தீநுண்மங்களை மட்டும் ஆராய்வது என 1944 இல் உடன்பாடு ஏற்படுத்தினார். 1945 இல் கோல்டு சுபிரிங் ஆர்பரில் இவர் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சி வகுப்பு, இயற்பியலாளர் பலரை உயிரியலுக்கு அழைத்துவந்தது. 1947 முதல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். அங்கு கருத்தரங்குகளில் பேசுவோரைக் கடுமையாகக் குறுக்கிட்டு வினவுவதற்குப் பெயர் பெற்றிருந்தார். மாணவர்களுடன் பாலைவனத்தில் கூடாரமிட்டுத் தங்குவதும் இவரது வழக்கம்.

பிற்காலம்

1953 இல் வெளியான டி. என். ஏ. அமைப்பு, மரபுப் பண்பு கடத்தப்படுவதை வழக்கமான வேதியியலைக் கொண்டே விளக்கியது. இவர் தேடிய முரண் அதில் இல்லை. பின்னர் பைக்கோமைசீசு என்னும் பூஞ்சை ஒளிக்கேற்ப வளர்வதை நெடுங்காலம் ஆராய்ந்தும், முழுமையான விடை கிட்டவில்லை. கோல்ன் பல்கலைக்கழகத்தில் மரபியல் நிறுவனம் அமையப் பெரிதும் உதவினார். 1962 இல் அதன் திறப்பு விழாவில் போர் தம் பழைய பொருளைப் பற்றியே மீண்டும் உரையாற்றினார். டெல்புரூக் 1981 இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் காலமானார்.