தாமிரபரணிக் கரைக்கு வந்த சித்திரக்காரர்

பொதிய மலையிலிருந்து தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்தில் பாபநாசத்து அருவி இருப்பதை நம்மவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லண்டனிலுள்ள செல்வர்கள் தங்கள் கூடத்தில் அமர்ந்தபடியே அவ்வருவியைக் காணும்படி செய்த ஒருவரை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவர்தாம் தாமஸ் டேனியல் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர். கும்பினியாரின் அனுமதிச் சீட்டுடன் வந்தவராயினும், கொள்ளையடிக்க வந்தவர்களோடு அவரை ஒன்றாக வைத்து எண்ண நமக்கு மனம் வரவில்லை. முற்றிலும் புகழவும் மனம் வரவில்லை.

டேனியல் 1749-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸர்ரே ஜில்லாவைச் சேர்ந்த செர்ட்ஸி என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் அவ்வூரில் ஒரு சாவடி விடுதி நடத்தி வந்தவர். பிரபுக்களின் கோச்சு வண்டிக் கதவுகளில் குலச்சின்னங்கள் தீட்டும் வேலையே இளம் டேனியலுக்கு முதலில் கிடைத்தது. 1773-ல் ராயல் அகாடமியின் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். கற்றும் பயனில்லை, லண்டனில் பேர்பெற்ற சித்திரக்காரர்கள் மலிந்திருந்தார்கள். ஆகவே 1784-ல் கும்பினியாரிடம் செப்புத்தகட்டுச் சித்திர வேலைக்காரர் என்று அனுமதி பெற்று, தகப்பனை இழந்த தம் அண்ணன் மகன் வில்லியமையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு கப்பலேறினார். பையனுக்கு அப்போது பதினாறு பிராயம். சீனா வழியாகச் சுற்றி, 1786-ல் இருவரும் கல்கத்தா சேர்ந்தார்கள்.

அங்கே அவர்கள் முதலில் வெளியிட்டது கல்கத்தா நகரின் கட்டடங்களைக் காட்டும் பன்னிரண்டு படங்கள். தகடு செதுக்குவது, அச்சிடுவது, வர்ணம் பூசுவது ஆகிய எல்லாவற்றையும் தாமே செய்யவேண்டியிருந்தது. உள்ளூர்த் தொழிலாளிகளும் கைகொடுத்தார்கள். அந்த வங்காளிகளின் பெயர்கள் படத்தின் அடியில் அச்சாகவில்லை. பிறகு கங்கை வழியே வடக்கே சென்று, ஆக்ரா, டில்லி முதலிய நகரங்களைத் தீட்டி, இமயமலைச் சாரலிலுள்ள கடுவால் ஸ்ரீநகர் வரை போய், 1791-ல் கல்கத்தா திரும்பினார்கள். வடநாட்டு யாத்திரையைப் பற்றி எழுதியவர்கள் பலர். நாம் தெற்கே வருவோம்.

தெற்கே வரவேண்டும் என்ற எண்ணத்தை அவர்களுக்கு உண்டாக்கியது நம் கோபுரங்களின் புகழ் மட்டுமல்ல. திப்பு ஸுல்தானோடு கும்பினியார் நடத்திய மூன்றாவது மைஸூர் யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. வெள்ளைப் பட்டாளம் பிடித்த மலைக்கோட்டைகளின் படங்களைக் காண இங்கிலீஷ்காரர்கள் ஆவலாயிருந்தார்கள். படம் விற்றுப் பிழைக்கிறவர் இதைக் கவனியாதிருப்பாரா? கல்கத்தாவில் தம் சித்திரங்களை லாட்டரி முறையில் விற்றுப் பணம் சேர்த்து, 1792 மார்ச்சில் சென்னை வந்து இறங்கினார். ஏப்ரலில் பல்லக்குகளோடும் கூடாரங்களோடும் பரிவாரத்தோடும் புறப்பட்டு, மைஸூர் எல்லைக் கோட்டைகளைத் தீட்டிவிட்டு மதுரைக்கு வந்தார்.

மதுரையில்தான் அவர் தம் திறமையை முழுமையாகக் காட்டினார் என்பது நமது அபிப்பிராயம். திருமலை நாயக்கர் மஹாலையும், புது மண்டபத்தையும், தெப்பக்குளத்தையும் அவர் தீட்டியிருக்கிறார். இருட்டறைப் பெட்டி என்று சொல்லத்தக்க ஒரு கருவி அவரிடம் இருந்தது. பெட்டியிலுள்ள கண்ணாடி வில்லை வழியாக எதிரேயுள்ள கட்டடத்தின் நிழலுரு காகிதத்தின்மேல் விழும். அதன் கோடுகளைப் பென்ஸிலால் பின்பற்றினால் தூண்களின் அளவும் வரிசையும் தவறா. அவருக்கு முன் வந்த ஹாட்ஜஸ் என்பவர் கண்ணுக்கு அழகாயிருந்தால் போதும் என்று தீட்டியவர். டேனியலோ அளவில் பிடிவாதக்காரர். இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. நாயக்கர் மஹாலை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பித்தார். அதற்கு எழுபது வருஷங்களுக்கு முன் அது எந்த நிலையில் நின்றது என்பதற்கு டேனியலின் படங்கள் சாக்ஷி.

மதுரையை விட்டு அவர்கள் திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்தபோது, இந்நாட்டின் தலையெழுத்து எங்கோ காகிதத்தில் மாறிக்கொண்டிருந்தது. பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் எழுதி வாங்கிக்கொண்ட உடன்படிக்கை அதே 1792 ஜூலையில்தான் ஏற்பட்டது. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் பட்டத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. டேனியலோ குற்றாலத்தைக் கண்டு, பாபநாசம் சென்று, களக்காட்டுப் பக்கத்திலிருந்து தெற்கு மலைகளைத் தீட்டிக்கொண்டு குமரிமுனை நோக்கிப் போனார். அக்காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பாலம் கிடையாது. ஆற்றைக் கடக்கவும் மேடேறவும் அவர் நம்பியிருந்தது பல்லக்குச் சுமந்தவர்களின் தோள்களையே.

இங்கேதான் நமக்கு ஒரு குறை. அவர் பின்னர் அச்சிட்ட பெருந்தொகுதியில் பாபநாசத்து அருவிக்கு இடமுண்டு, களக்காட்டுக் காட்சிக்கு இடமுண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு இடமில்லை. ஆயிரங்கால் மண்டபமும், தட்டினால் நாதம் எழுப்பும் கல்தூண்களும் அந்தக் கூர்மையான கண்ணுக்கு விருந்தாயிருந்திருக்கும். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மதுரைப் புது மண்டபம் கோயில் மதிலுக்கு வெளியே இருப்பது. அந்நியர் தாராளமாக உட்கார்ந்து தீட்டலாம். நெல்லையில் சிறந்தவையெல்லாம் மதிலுக்குள்ளே இருப்பவை. அவருக்குக் கதவு திறக்கவில்லை என்பதைக் குற்றமாகச் சொல்லமாட்டோம். உள்ளே போகும் உரிமை பெற்றிருந்த நம்மவருள் ஒருவரேனும் அத்தூண்களை அளந்து காகிதத்தில் இறக்கி உலகுக்கு அளித்திருக்கலாகாதா என்பதே நமது ஆற்றாமை. அவற்றைச் செதுக்கிய ஸ்தபதிகளின் குலத்தில் கோடு போடத் தெரியாதவர் எவர் இருந்திருக்க முடியும்? அதே உள்மண்டபத்தில் நம்முடைய சொந்த ஜனங்களுள்ளேயே பல வகுப்பார் 1939 வரை நுழைய முடியாமலிருந்தனர் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

1793 தொடக்கத்தில் டேனியல் சென்னை திரும்பி, மறுபடியும் லாட்டரி வைத்துச் சித்திரங்களை விற்றார். பம்பாய் சென்று குகைக்கோயில்களைத் தீட்டி, 1794-ல் சீமை போய்ச் சேர்ந்தார். அதற்குமேல் பதினான்கு வருஷங்கள் சிற்றப்பனும் மகனும் பட்ட பாடு சாமானியமன்று. செப்புத்தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி, திராவகத்தில் அரிக்கவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடங்களை மறைத்து மீண்டும் மீண்டும் அரிக்கவிட்டால், பென்ஸில் கோட்டில் வராத நிழலின் மென்மை தகட்டில் வரும். அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வர்ணம் பூசவேண்டும். இவ்விதம் 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. முழுத் தொகுதியின் விலை 210 பவுன். நம்முடைய கோயில்களை நம் நாட்டு ஜனங்கள் காணும் பொருட்டு அச்சிட்டதன்று என்பதை விலையே கூறும்.

பாபநாசத்துப் படம் அச்சானது 1804-ல். டேனியல் அதைத் தீட்டியதற்கும் அச்சிட்டதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. லண்டனில் அப்படத்தைப் புரட்டிய கனவான்களுக்கு அமைதியான மலையும் விழுகின்ற நீருமே தெரிந்திருக்கும். பிற்காலத்தில் அந்நீரின் வேகத்தைக் கொண்டு ஹார்வி கம்பெனியார் நூல் ஆலை ஓட்டினார்கள். 1944-ல் அங்கே மின்சார உற்பத்தியும் தொடங்கியது. ஆலைக்கும் அணைக்கும் முன் அருவி எப்படி விழுந்தது என்று அறிய விரும்புகிறவர் இன்றும் டேனியலிடமே போகவேண்டியிருக்கிறது.

1799-ல் அவர் ராயல் அகாடமியின் முழு அங்கத்தினரானார். க்ளாஸ்டர்ஷயரில் ஸெஸின்கோட் என்னும் மாளிகையை இந்தியக் கட்டட பாணியில் எழுப்பியபோது அவரே ஆலோசகர். அங்குள்ள தோட்டத்துப் பாலத்தின்மேல் நந்திகள் படுத்திருக்கின்றன. ஸூரியனுக்கு ஒரு சிறு கோயிலும் உண்டு. பூஜை கிடையாது, அலங்காரம் மட்டுமே. விவாகம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த டேனியல், மகனைப் போல் வளர்த்த வில்லியமை 1837-ல் பறிகொடுத்தார். பின் மூன்று வருஷம் இருந்து, தொண்ணூறு வயதில், 1840 மார்ச்சில் லண்டனில் காலமானார். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றின் மேல் சுலோசன முதலியார் கட்டிய பாலம் திறக்கப்பட்டது 1843-ல். டேனியல் தீட்டிய படங்களில் பல இப்போது கல்கத்தா விக்டோரியா ஞாபக மண்டபத்தில் தொங்குகின்றன.