வைசூரி நாள்களில் யோசப் வாஸ் அடிகளார்

1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் வைசூரி பரவிற்று. அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் தலைநகரை விட்டு அகன்றார். தொற்றுக்கு அஞ்சிய மக்கள் தம் சொந்த உறவினரையே காட்டில் விட்டுச் சென்றனர். நோயினும் அச்சமே கொடிதாயிருந்தது.

கைவிடப்பட்ட அவர்களைத் தேடிச் சென்றவர் புனித யோசப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்து, 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தவர். 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அச்சிறையிலேதான் சிங்களம் கற்றார். தமிழை முன்னரே பயின்றிருந்தார். ஆதலால் நோயாளியின் குடிசைக்குள் அவர் அந்நியராய் நுழையவில்லை.

உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாருடன் நோயுற்றோரை ஆளற்ற வீடுகளில் சேர்த்தார், உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். எவரிடமும் சமயம் வினவவில்லை. நோயாளியைப் பேணும் முறையை ஏட்டில் எழுதித் தர அன்று அவகாசம் ஏது? எட்ட நின்று அஞ்சியோர் அவர் கைகளைப் பார்த்தே கற்றிருக்க வேண்டும்.

1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் அவர் கல்லறை இருந்த இடத்தை இன்று எவரும் அறியார்.