எலும்புக்கூட்டைத் திருடிய டாக்டர்

இரவு நேரம். நகரத்தின் கோட்டை வாசலை மூடிவிட்டார்கள். வெளியே ஒரு வாலிபன் மட்டும் தன்னந்தனியாக நின்றான்.

அவனுக்கு எதிரே தண்டனைக் கம்பம். அதில், மரண தண்டனை பெற்ற ஒரு குற்றவாளியின் எலும்புக்கூடு தொங்கியது. சதையைப் பறவைகள் தின்றுவிட்டன.

கை, கால் எலும்புகளை அவன் முன்பே எடுத்துச் சென்றுவிட்டான். நெஞ்சுக்கூடு பாக்கி. அது சங்கிலியால் கட்டப்பட்டு இருந்தது. வாலிபன் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றினான். மறுநாள் வேறு வாசல் வழியாக வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கேட்டவர்களிடம், பாரிசில் இருந்து கொண்டுவந்ததாகச் சொல்லிவிட்டான்!

இது நடந்தது 1536-ம் ஆண்டில். ஊர், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன். அந்த வாலிபன்தான், உடற்கூறு நூலின் தந்தை என்று போற்றப்படும் வெசாலியஸ்.

கண்ணைக் கட்டி பந்தயம்

வெசாலியஸ் 1514 டிசம்பர் 31-ந்தேதி பிரசல்ஸ் நகரில் பிறந்தார். தகப்பனார், 5-ம் சார்லஸ் சக்கரவர்த்தியின் அரண்மனையில் மருந்து தயாரிப்பவர்.

வைத்தியம் படிக்க வெசாலியஸ் பாரிசுக்குப் போனார். அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் எலும்புகள் குவிந்து கிடந்தன. மணிக்கணக்காக அங்கேயே இருந்தார். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, எலும்பைத் தடவிப் பார்த்தே அது எது என்று சொல்வார். இதற்காகத் தோழர்களுடன் பந்தயமும் கட்டினார்!

குரங்கின் எலும்பு

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒரே வேதம், கேலன் எழுதிய நூல்கள். கேலன், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வைத்தியர். அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். வெசாலியசும் முதலில் அதை நம்பியவர்தான்.

1537-ம் ஆண்டு, இத்தாலியில் உள்ள பாதுவா நகரில் அவர் ஆசிரியர் ஆனார். வயது 22. மற்ற ஆசிரியர்கள் உயரமான இடத்தில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார்கள். பிணத்தை அறுப்பது வேறு ஆள். வெசாலியஸ் கீழே இறங்கி, தானே கத்தியை எடுத்தார்.

1540-ம் ஆண்டு, போலோனா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். உண்மை விளங்கிவிட்டது. கேலன் எழுதிய முதுகெலும்பு மனிதனுடையது அல்ல, குரங்கினுடையது!

கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார், கேலன். ஒன்றுதான் என்று வெசாலியஸ் காட்டினார். மார்பு எலும்பு ஏழு பாகம் அல்ல, மூன்றுதான். பெண்ணைவிட ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று மக்கள் நம்பினார்கள். இருவருக்கும் 12 ஜோடிதான் என்று எண்ணிக் காட்டினார்.

புத்தகமும் எதிர்ப்பும்

1543-ம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அவருடைய பெரிய நூல் அச்சாகியது. அப்போது வயது 28. முதல் பாகமே எலும்புகளைப் பற்றியது. வீட்டுக்குச் சுவரும் உத்தரமும் எப்படியோ, உடலுக்கு எலும்பு அப்படி என்று விளக்கினார்.

மூளைக்கு மண்டை ஓடு பெட்டி. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் விலா எலும்புகள் வேலி. தசைகள் எலும்பைப் பிடித்து இழுப்பதால்தான் நாம் நடக்கிறோம். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாவது, அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

அவரை எதிர்த்தவர்களில் முக்கியமானவர், பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன குரு! கேலன் தவறு செய்யவில்லை, மனித உடல்தான் அதன் பிறகு மாறிவிட்டது என்று குரு வாதாடினார். மனம் வெறுத்த வெசாலியஸ், தன் குறிப்புகளைத் தீயில் போட்டார். சக்கரவர்த்தியின் வைத்தியராகப் போய்விட்டார்.

1564-ம் ஆண்டு ஜெருசலேம் யாத்திரை சென்று திரும்பும்போது, கிரேக்க நாட்டின் சாகிந்தோஸ் தீவில் இறந்தார். வயது 49.

1543-ல் பாசல் நகரில் அவர் தன் கையால் பொருத்திக் கொடுத்த எலும்புக்கூடு, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அது ஒரு குற்றவாளியின் எலும்புக்கூடு.

அதைப் பொருத்திய மேதையின் எலும்புகள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது!