திருச்சுழியல் தந்த இரமண முனிவர்

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதிகள் பதினான்கனுள் திருச்சுழியலும் ஒன்று. நம்பியாரூரர் சேரமான் பெருமாளோடு வந்து வழிபட்டுப் பதிகம் அருளிய அத்தலம், பருத்தி வணிகத்தால் பெயர்பெற்ற விருதுநகரும் பட்டாசுத் தொழிலால் உலகறிந்த சிவகாசியும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தின்கண் இன்று உளது. திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் எழுந்தருளிய அவ்வூரிலே 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், மார்கழித் திருவாதிரை நன்னாளின் இரவில், வழக்காடும் தொழிலினராகிய சுந்தரமையர்க்கும் அழகம்மையார்க்கும் இரண்டாம் மகனாய்த் தோன்றியவரே பின்னர் இரமண முனிவர் என வழங்கப்பெற்ற வேங்கடராமன் ஆவர்.

ஒருவரே மகனாகவும் தம்பியாகவும், தலைவராகவும் பணியாளராகவும் ஒழுக நேர்வது உலகியல்பு. அவற்றுள் எது மெய், எது வேடம் என்னும் வினா இல்லறத்தார்க்கே யன்றித் திருமடங்களைத் தாங்குவார்க்கும் உண்டு. அதற்கு இம்முனிவர் வாழ்ந்து காட்டிய விடை யாதென ஆராய்தலே ஈண்டு நம் கருத்து.

1892-இல் தந்தையார் மறையவே, வேங்கடராமன் மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிப் பயின்றார். அங்கே கிடைத்த பெரியபுராணம் அவர் உள்ளத்தை உருக்கிற்று. 1896-ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள் திடீரென மரண அச்சம் வந்து பற்ற, உடம்பு வீழினும் வீழாத பொருள் யாதெனத் தம்முள்ளே நாடி நிலைபெற்றார். அதன்பின் பாடநூலிலும் விளையாட்டிலும் மனம் செல்லவில்லை. துறவிபோல் இருப்பார்க்கு வீடும் பள்ளியும் எற்றுக்கு எனத் தமையனார் கடிந்தனர். அக்கடிந்துரை மெய்யே எனக் கண்ட அப்பதினாறாட்டைப் பிள்ளை, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் வழிச்செலவுக்கு மூன்றே கொண்டு, இரண்டினை ஒரு கடிதத்தோடு வைத்துப் புறப்பட்டார். அக்கடிதம் தன்மைச் சொல்லால் தொடங்கித் தம்மையே அஃறிணையாகச் சுட்டிச் சென்று, கையொப்பமின்றி முடிந்தது. சம்பளம் கட்டப்படவில்லை என்பதனை மட்டும் மறவாது குறித்தார். பெயரைத் துறந்தவர் கணக்கைத் துறந்திலர் என்பது நோக்கத்தக்கது.

1896 செப்டம்பர் முதல்நாள் திருவண்ணாமலை அடைந்து, மீந்த பொருளை அய்யங்குளத்தில் எறிந்து, பூணூலும் களைந்தார். குருமூர்த்தத்தில் மோனமாய் இருந்த காலத்து, அலுவலகக் கணக்கர் ஒருவர் பெயரும் ஊரும் அறிவிக்குமாறு விடாது வேண்டவே, அவற்றை எழுதிக் காட்டினார். அவ்வூர் யாதென அவர் அறியாது மயங்கியபோது, அருகிருந்த பெரியபுராணத்தை எடுத்து, ஆரூரர் பாடிய பதியாக அது வரும் இடத்தைச் சுட்டினார். அவர் தம் ஊர்க்குக் காட்டிய அடையாளம் குலமும் சுற்றமும் அன்று. திருத்தொண்டர் வரலாறே என்க.

எனினும், இத்துறவினால் அன்னையார் பட்ட துயரை மறைத்தல் தகாது. இரண்டாண்டு மகன் இருக்குமிடம் அறியாது வருந்திய அழகம்மையார் 1898-இல் வந்து பன்னாள் அழுது அழைத்தும், அவரவர் வினைக்கேற்ப இறைவன் நடத்துவான், முயற்சியால் அதனை மாற்றலாகாது என்னும் கருத்துப்பட எழுதிக் காட்டினாரே யன்றி முனிவர் எழுந்திலர். 1916-இல் அன்னையார் மலைக்கே வந்து உடனுறைந்து, அடியார்க்குச் சமைத்தளித்தனர். மகன் தம் மொழிக்கு மறுமொழி தாராதிருக்கும் வேளைகளில் அவர் நொந்தபோது, பெண்டிர் யாவரும் தமக்குத் தாயரே எனக் கூறித் தாய் என்னும் தனியுரிமையைத் தளர்த்தினார். ஆனால் 1922 மே 19-ஆம் நாள் அன்னையாரின் இறுதி நேர்ந்தபோது, ஒருகையை நெஞ்சிலும் ஒருகையைத் தலையிலும் வைத்து, உயிர் ஒடுங்குமளவும் அகலாதிருந்தார். உரிமை கொண்டாட மறுத்தவர் கடமையை மறுத்திலர்.

அன்னையாரின் சமாதியைச் சூழ ஆசிரமம் வளர்ந்தது. தம்பியார் நிர்வாகத்தலைவர் ஆயினர். முனிவரோ, விடியலுக்கு முன்னெழுந்து அடுக்களையிற் காய் அரிந்தும் அரைத்தும் பணி செய்தனர். பந்தியிலே பிறர்க்கு இல்லாத பண்டம் தமக்கு இடப்படுதலை ஒவ்வார். நண்பகலில் அவர் ஓய்வு கருதி அன்பர் உள்ளே வரலாகாது என விதித்தபோது, விதியை மீறாது, தாமே வெளியே வந்து அமர்ந்தனர். சொத்துரிமை வழக்கொன்று நேர, 1936-இல் ஆணையர் வந்து வினவினர். நான்கு நிலைகளுள் எந்நிலையினர் என்றதற்கு, அவற்றைக் கடந்த நிலையினர் என விடையிறுத்தார். வழக்கினை வெறுத்து எழுந்து போகவுமில்லை; உடைமை தமதென வாதிடவுமில்லை. 1938-இல் ஆசிரமத்தின் பொருட்டு விருப்ப ஆவணம் எழுதப்பட்டபோது, பெயர் எழுதாது ஒரு கோடு மட்டும் வரைந்தனர்.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதல் சித்தாந்த நூல்கள் கண்ட உண்மை. மலத்தைச் சார்ந்துழி, தான் ஏற்ற ஒவ்வொரு நிலையையும் தானெனக் கருதி மயங்கும். இறைவனைச் சார்ந்துழி, அந்நிலைகளை ஏற்றும் அவற்றாற் கட்டுறாது. முனிவர் உபதேசம் வேதாந்த நெறியைத் தழுவியது. உயிர்க்கும் இறைக்கும் உள்ள இயைபில் நம் கொள்கை வேறு. ஆயினும், பல நிலைகளை வேடமென்று உதறாமலும், அவற்றுள் ஒன்றையே தானென்று பற்றாமலும் நின்ற அவர்தம் ஒழுக்கம் இரு நெறியார்க்கும் பொதுவான பாடமாகும். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவர் உடல் நீத்தனர். சமையற்கட்டில் ஒருவராகவும் சந்நிதியில் வேறொருவராகவும் அவர் இருந்திலர். மடத்தின் கணக்கும் வழக்கும் தாங்குவார், தம் கையொப்பம் இடுந்தோறும் அந்தக் கோட்டினை நினைவு கூர்தல் நலம் பயப்பதாம்.